இருபதடியில் கொய்யா மரம்

ரெண்டு. இல்லை, மூன்று. தகர டின்னின் விளிம்பில் ரெண்டு உட்கார்ந்திருக்கின்றன, அதில் சந்தேகமில்லை. மூன்றாவது உட்கார்ந்திருக்கிறதா தொங்குகிறதா, குருவிதானா இல்லை கொய்யா இலையா என்பதுதான் சென்னியப்பனுக்குப் பிடிபடவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகை நிமிர்த்தி, பஸ்ஸில் ஸ்டியரிங் முன்னால் உட்காருகிற அதே தோரணையில் உட்கார்ந்து பார்த்தார். நேராகப் பார்த்தால் காணோம். பார்க்கிற இடத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு புகை. கருமம், கண்ணை எங்கே கொண்டுபோனாலும் அந்தப் புகை முந்திக்கொண்டு அங்கே போய் நிற்கிறது. டின்னைப் பார்த்தால் டின்னை மறைக்கிறது, மரத்தைப் பார்த்தால் மரத்தின் நடுவில் ஓட்டை விழுகிறது. ஆனால் அதை ஏமாற்ற ஒரு வழி இருக்கிறது, இந்த மூன்று வாரத்தில் கற்றுக்கொண்டது. டின்னைப் பார்க்கக் கூடாது. டின்னுக்கு ஒரு சாண் தள்ளி, மதில்மேல் காய்கிற சாக்கைப் பார்க்க வேண்டும். அப்போது டின் ஓரமாகத் தானே வந்து சேரும், அதன்மேல் ஏதோ அசையும், அசைந்தால் குருவி. அசையாவிட்டால்? அசையாவிட்டாலும் குருவியாக இருக்கலாம், குருவி என்ன எந்நேரமும் ஆடிக்கொண்டா இருக்கும், அதற்கும் ஒரு நிமிஷம் சும்மா இருக்கத் தோன்றாதா. மூன்று என்றே வைத்துக்கொள்வோம். மணி ஆறே முக்கால். பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் டிரைவர்களுக்குக் கண் பரிசோதனை. இன்னும் மூன்றேகால் மணி நேரம். "மூணு சிட்டு வந்துருக்குது, டின்னு மேல," என்றார், தொண்டையைச் செருமிக்கொண்டு, கொஞ்சம் சத்தமாகவே. துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அவர் மனைவி துளசிமணி தலையைத் தூக்கிக் கொய்யா மரத்தைப் பார்த்தாள். "ஆமாங்க, மூணு," என்றாள். அப்பாடா. 

இருபதடி. நாற்காலிக்கும் கொய்யா மரத்துக்கும் நடுவே சரியாக இருபதடி. கொத்தனாரிடம் டேப் வாங்கி அளந்து, நாற்காலியின் முன்கால் ரெண்டும் நிற்கிற இடத்தில் ஓட்டுச் சில்லைப் பதித்து வைத்திருந்தார். ஆஸ்பத்திரியில் எழுத்து அட்டையை இருபதடி தள்ளித்தான் மாட்டுவார்கள், அதனால். துளசிமணிக்கு அது தெரியாது. "உங்கப்பன் எறும்புக்குப் பயந்துக்கிட்டு மரத்தை விட்டுத் தள்ளி உக்காந்துக்கறாரு கண்ணு" என்று அவள் ஓசூரில் இருக்கிற மகளிடம் போனில் சொல்லிச் சிரித்ததை இவர் காதாலேயே கேட்டார். சிரிக்கட்டும். மகள் சிந்துஜா கல்யாணமாகிப் போன வருஷம் ஆரம்பித்தது இந்தக் குருவிக் கூத்து. வீட்டுக்குப் பின்னால் இந்தப் பொடக்காளியில் அதுவரை ஒரு கொய்யா மரமும் துவைக்கிற கல்லும் தவிர வேறொன்றும் கிடையாது. துளசிமணி எண்ணெய் டின்னைக் குறுக்கே வெட்டிக் கம்பியில் தொங்கவிட்டு அதில் கம்புத் தானியம் போட்டாள். ரெண்டு கொட்டாங்குச்சியில் நொய்யரிசி. தண்ணீர் பாட்டிலில் ஓட்டை போட்டு மரக்கரண்டியைக் குறுக்கே செருகி, கரண்டிக் குழியில் தினை வந்து விழுகிற மாதிரி ஏதோ ஒரு வித்தை. கிளைக் கவட்டையில் பாதிப் பப்பாளி. அடியில் ரெண்டு செங்கல்மேல் அகலமான மண்சட்டியில் தண்ணீர். "ஊர்க் குருவிக்கெல்லாம் மெஸ்ஸு நடத்தறயா புள்ள?" என்று இவர் கேலி பேசியதுண்டு, அதுவும் செருப்பை மாட்டிக்கொண்டே, வாசலைத் தாண்டுகிற அவசரத்தில். இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் விடியக்கருக்கலில் போய் இருட்டி வருகிற ஆளுக்குப் பொடக்காளியில் எந்த மரம் நிற்கிறது என்றே பாதி நாள் தெரியாது. இப்போது மூன்று வாரமாகப் பதினொரு மணி வண்டி. இடுப்பு வலி என்று சொல்லி, கெஞ்சிக் கூத்தாடி டூட்டி மாற்றி வாங்கியது. இடுப்புக்கு ஒரு கேடும் இல்லை. காலை இருட்டில் எதிர் வண்டி லைட் அடித்தால் ரோடே காணாமல் போய்விடுகிறது, அதை எந்த வாயால் சொல்வது.

ப, ர, ட, ந, ய, க, ம. கடைசி வரி. அதற்கு மேல் வரி வ, த, ல, ப, ச, ற. இதைச் சொல்லிக்கொண்டேதான் காலையில் பல் விளக்கினார், இதைச் சொல்லிக்கொண்டேதான் நேற்று திம்பம் மலையில் வண்டியை ஏற்றினார். சட்டைப் பையில் நாலாய் மடித்த சீட்டு இருக்கிறது. டிப்போவில் கண் பரிசோதனை வரப்போகிறது என்றால் இந்தச் சீட்டு கைக்குக் கை மாறும், போன தடவை போய்வந்தவன் அடுத்து போகிறவனுக்குக் கொடுப்பான், ஒரு டீயோடு விஷயம் முடிந்துவிடும். முன்பெல்லாம் சென்னியப்பன் அந்தச் சீட்டை வாங்கினதே இல்லை. "எனக்கெதுக்குடா இது, மலை உச்சியில நின்னு பண்ணாரிக் கோயில் கொடியைப் பாக்கறவன் நான்" என்று பீற்றிக்கொண்ட வாய்தான் இது. இந்தத் தடவை கேட்டு வாங்கினார். வாங்கியதும் அதை ஓரக்கண்ணால் வாசித்ததைக் கொடுத்தவன் பார்த்திருப்பானோ? பார்த்திருந்தால் யாரிடமாவது சொல்லியிருப்பானோ? சரி, பார்க்கவில்லை என்றே இருக்கட்டும். ஆனால் புது டாக்டர் வந்து அட்டையை மாற்றிவைத்திருந்தால் என்ன செய்வது? அங்கே வேறு எழுத்து இருக்க, இவர் பாட்டுக்குக் கணீரென்று ப, ர, ட, ந என்று ஒப்பித்தால் எப்படி இருக்கும், நர்சுப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்காதா. நினைத்தபோதே காது மடல் சுட்டது. அதற்கில்லை. மாட்டிக்கொள்வதுகூடப் பரவாயில்லை, மாட்டிக்கொள்ளாமல் வந்துவிட்டால்தான் பயம். சீட்டை ஒப்பித்து, கையெழுத்து வாங்கி, மறுநாள் பதினொரு மணிக்கு வண்டியில் ஏறி உட்கார்ந்தால், அப்புறம்? அதனால்தான் பண்ணாரியம்மன் முன்னால் நின்று ஒரு சத்தியம் செய்துகொண்டார். அட்டை அச்சடித்தது, அப்படியே நிற்கும், யாரும் மனப்பாடம் செய்யலாம். குருவியை யார் மனப்பாடம் செய்ய முடியும்? எது வரும், எத்தனை வரும், எங்கே உட்காரும் என்று எந்தச் சீட்டிலும் கிடையாது. இருபதடியில் உட்கார்ந்து குருவியை நான் சரியாகச் சொன்னால் வண்டி எடுக்கிறேன் தாயே, ஒரு நாள் தப்பினாலும் டாக்டரிடம் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். சரியா தப்பா என்று சொல்ல துளசி இருக்கிறாள், அவளுக்கு மைனாவும் தெரியும் மணிப்புறாவும் தெரியும், ஊசியில் நூலை ஒரே குத்தில் கோர்த்துவிடுவாள். எதற்கென்று அவளுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். சொன்னால் அழுவாள். இருபத்திரண்டு நாளாகிறது, ஒரு நாள்கூடத் தப்பவில்லை.

தப்பவில்லைதானே? அப்படியானால் ஏன் இந்தப் படபடப்பு. பப்பாளியில் ஏதோ பச்சையாக வந்து ஒட்டியது. சாக்கைப் பார், சாக்கைப் பார். பச்சை, நீளமான வால், கிளிதான், வேறென்ன. இல்லை பப்பாளித் தோலே பச்சைதானே? அறுத்த பழம் நேற்று மஞ்சளாக இருந்தது. இன்று புதுசா வைத்தாளா? கேட்கலாமா? கேட்டால் காட்டிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அந்தப் பெண்பிள்ளையும் பச்சைச் சேலைதான் கட்டியிருந்தாள். நினைக்காதே. மூன்று வாரத்துக்கு முன்னால், பதினாறாவது வளைவு, ஏறும்போது இடது கைப்பக்கம், ஒரு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள், நின்றிருந்தாளாம். இவருக்குத் தெரிந்ததெல்லாம் ரோடும் புதரும்தான். அவள் நின்ற இடத்தில் ரோடு இருந்தது, அதுதான் கொடுமை, ஓட்டை தெரிந்திருந்தால்கூட ஏதோ சரியில்லை என்று பிரேக் பிடித்திருப்பார், ஓட்டையே இல்லை, அந்த இடத்தைப் புதரே வந்து நிரப்பியிருந்தது. கண்டக்டர் குப்புராஜ் பின்னாலிருந்து ரெண்டு விசில் சேர்த்து ஊதினான். எதற்கு ஊதுகிறான் என்று தெரியாமலேயே கால் பிரேக்கில் போய் நின்றது, வண்டி குலுங்கி நின்றது, உள்ளே யாருடையதோ சோற்றுத் தூக்குப்போசி உருண்டது. ஜன்னலுக்குக் கீழே அவள் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முட்செடியில் பாதி விழுந்தபடி, "ஏய்யா, கண்ணு பொடனியிலயா இருக்குது?" என்று கத்தினாள். வண்டியில் ரெண்டு பேர் சிரித்தார்கள். குப்புராஜ் சிரிக்கவில்லை. முன்னால் வந்து, யாருக்கும் கேட்காத குரலில், "அண்ணா, பாக்கலீங்களா?" என்றான். "பாத்துட்டன்டா. பிரேக்கை மிதிக்கறதுக்குள்ள நீ ஊதிப்போட்டே," என்று இவர் அவன் மேலேயே பாய்ந்தார்.  குழந்தை ஆணா பெண்ணா என்றுகூட இவருக்குத் தெரியாது, அது ஒரு துணி மூட்டையாகத்தான் ஓரக்கண்ணில் பட்டது, அதுவே இப்போது தூங்கப் போனால் வந்து கண்முன் நிற்கிறது, பகலில் நிற்காதது இமையை மூடினால் துல்லியமாக நிற்கிறது. "பப்பாளியில கிளி," என்றார். துளசிமணியின் கத்தி ஒரு கணம் நின்றது. "ஆமாங்க. கிளி," என்றாள்.

ஆரம்பத்தில் கண்ணாடிதான் அழுக்கு என்று நினைத்தார். முன் கண்ணாடியைப் பழைய பேப்பர் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்து, டிப்போவில் வண்டி கழுவுகிறவனை வாயில் வந்தபடி ஏசினார், அவன் பாவம் மறுபடி ஒரு பக்கெட் தண்ணீரோடு வந்து துடைத்துவிட்டுப் போனான். அப்புறம் தூக்கமில்லை அதனால் என்று நினைத்தார். அப்புறம் சர்க்கரை மாத்திரையைப் பாதி நாள் விழுங்காமல் பாக்கெட்டிலேயே வைத்திருந்தது ஞாபகம் வந்தது, அதற்கப்புறம் எதையும் நினைக்க விரும்பவில்லை. யானை தெரிகிறது. யானை தெரியாதவன் ஊரில் எவன் இருக்கிறான். லாரி தெரிகிறது, கல்லில் வெள்ளையடித்த ஓரம் தெரிகிறது. சின்னதுதான் போய்விட்டது. சின்னதாக இருப்பது எதுவோ, நிற்பது எதுவோ, அது போய்விட்டது. உள்ளதைச் சொன்னால் என்ன ஆகும்? ஒன்றும் தலை போகாது. லைட் டூட்டி கொடுப்பார்கள். டீசல் பிடிக்கிற இடத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைப்பார்கள், வருகிறவன் போகிறவனெல்லாம் "என்னங்கண்ணா, கண்ணு எப்படி இருக்குது?" என்று விசாரிப்பான், விசாரிக்கிறவன் முகம் தெரியாமல் இவர் குரலை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். சென்னியண்ணன் மலை ஏறினால் மடியில் வைத்த டீ டம்ளர் தளும்பாது என்று சொன்ன டிப்போ அது. இருபத்தெட்டு வருஷம் ஒரு கோழிமேல் ஏற்றினதில்லை. அந்தப் பேரை ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்வது. அது மட்டுமா. புகை இன்னும் பெரிசானால்? கட்டைவிரல் உள்ளங்கையாகி, உள்ளங்கை தட்டாகி, கடைசியில் துளசி சோற்றுத் தட்டை நகர்த்திவைத்து "இதா இங்கிருக்குதுங்க" என்று கையைப் பிடித்து வைக்கிற நாள் வந்தால்? உடம்பு குப்பென்று வியர்த்தது. இல்லை, அப்படியெல்லாம் இல்லை, கிளியைச் சரியாகச் சொன்னேனே. பச்சையாக இருந்தது, கிளி என்றேன், கிளிதான் என்றாள். பின்னே ஏன் கத்தி நின்றது?

நின்றதா? நின்றது. வெங்காயம் உரிக்கிற சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது, கிளி என்றதும் நின்றது, ஆமாங்க என்றபின் மறுபடி வந்தது. வெங்காயம் கண்ணைக் கரித்திருக்கும், துடைத்திருப்பாள். நேற்றும் இப்படித்தான் ஒரு தரம், கொட்டாங்குச்சியில் கொண்டைக்குருவி என்று சொன்னபோது ஒரு மூச்சு தாமதித்துத்தான் ஆமாங்க வந்தது. முந்தாநாள்? முந்தாநாள் வரவில்லை, இல்லை வந்தது, கரிச்சான் என்றபோது வந்தது, "கரிச்சானுங்களா?" என்று முதலில் கேட்டுவிட்டு அப்புறம் "ஆமாமா, கரிச்சான்தான்" என்றாள். மரத்தில் உட்காராமல் கம்பியில் உட்காருகிற குருவி அது, கம்பு தின்னாது, பூச்சிதான் தின்னும் என்று அவளே ஒரு நாள் சொல்லியிருக்கிறாள். அப்புறம் எப்படி டின்னுக்கு வந்தது? ஏதோ வந்திருக்கும். பூச்சி இருந்திருக்கும். அட, இதென்ன இப்படிக் குடைகிறது மனசு. வேறு குருவியைப் பார். கீழே, சட்டியில். செங்கல்மேல் சட்டி, சட்டி விளிம்பில் பழுப்பாக அடையடையாக ஏதோ. பழுப்பு என்றால் தவிட்டுக்குருவி, அது தனியாக வராது, கும்பலாகத்தான் வரும், இந்த நேரத்துக்குத்தான் தினமும் தண்ணிக்கு வரும். "தவிட்டுக்குருவி வந்துருச்சு. ஆறு இருக்குது, தண்ணிச் சட்டியில," என்றார். "ஆமாங்க, ஆறு," என்றாள் துளசிமணி, இந்தத் தடவை உடனே. சரி. ஆறு. சரியாகச் சொல்லிவிட்டேன், பத்து மணிக்குத் தைரியமாகப் போகலாம், ப, ர, ட, ந என்று அவர் மூச்சை விடுகிறபோது, முதுகுக்குப் பின்னால், பக்கத்து வீட்டு முருங்கைமரத்திலிருந்து, தவிட்டுக்குருவிகள் கூட்டமாகக் கீச்கீச்சென்று சண்டை போடுகிற சத்தம் கேட்டது.

பின்னால். முன்னால் இல்லை, பின்னால். காது நன்றாகக் கேட்கிறது, காதுக்கு ஒன்றும் வரவில்லை, எட்டாவது வளைவில் ஹாரன் அடித்தால் அது லாரியா வேனா என்று பத்தாவது வளைவிலிருந்தே சொல்லிவிடுகிற காது. வேறொரு கும்பலாக இருக்கலாம். ஊரில் ஒரே ஒரு கும்பல்தானா இருக்கும்? ஆறு இங்கே, மிச்சம் அங்கே. ஆனால் கும்பல் பிரியாது, ஒன்று கத்தினால் எல்லாம் அங்கே ஓடும், அதையும் அவள்தான் சொன்னாள், அவள் சொன்னதையெல்லாம் இவர் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை கணக்காகக் கேட்டு வைத்திருக்கிறார். சட்டியில் இருக்கிற ஆறும் சத்தமே போடவில்லையே. இருபத்திரண்டு நாள் ஒன்றுகூடத் தப்பாமல், நல்ல கண் இருக்கிறவனாலேயே முடியுமா? குப்புராஜால் முடியுமா? டிக்கெட் கிழிக்கிறவனே சமயத்தில் ஆளை விட்டுவிடுகிறான்.  வேண்டாம், சோதிக்க வேண்டாம், இப்படியே எழுந்துபோய்க் குளித்துவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று ஒரு மனசு சொல்லியது, அந்த மனசு சொல்லி முடிப்பதற்குள் சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டார். இறுக்கி, ரெண்டு கண்ணையும். இமைக்குள்ளே சிவப்பாக வெயில். "மைனா வந்துருக்குது துளசி," என்றார், குரல் வழக்கம்போல இருக்கும்படி பார்த்துக்கொண்டு. "நாலு. அதே சட்டியில."

கத்தி நின்றது. எங்கோ ஒரு அணில் கத்திக்கொண்டிருந்தது. வேண்டாம் புள்ள, இல்லைன்னு சொல்லு, உனக்குப் புண்ணியமாப் போகும், எங்கீங்க நாலு, கண்ணு தெரியலீங்களான்னு கேளு, ஏசு, சிரி.

"ஆமாங்க," என்றாள் துளசிமணி. "நாலு."

எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. இருபதடியையும் நடந்தார், முதல் தடவையாக நடந்தார், இந்த மூன்று வாரத்தில் மரத்துக்குப் பக்கத்தில் அவர் போனதே இல்லை, போனால் குருவி பறந்துவிடும் என்று. பறக்கவில்லை, எதுவும் பறக்கவில்லை, பறக்க ஒன்றும் இல்லை. டின்னின் விளிம்பில் காய்ந்த இலை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. கவட்டையில் இருந்தது பழுக்காத பப்பாளி, பச்சைத் தோலோடு. குனிந்தார். சட்டி இருக்கிற இடத்தில் கையை வைத்தார். கை செங்கல்லில் பட்டது, சொரசொரவென்று, ஈரமே இல்லாமல். ரெண்டு செங்கல். சட்டி இல்லை. தவிட்டுக்குருவி ஆறும் மைனா நாலும் உட்கார்ந்திருந்த சட்டி அங்கே இல்லவே இல்லை. கையை எடுக்காமல் அப்படியே குந்தி உட்கார்ந்தார். மைனாவாவது வாய்க்கு வந்த பொய். சட்டியைப் பார்த்தேனே. விளிம்பைப் பார்த்தேனே, விளிம்பில் வாய் உடைந்த இடத்தைக்கூடப் பார்த்தேனே.

"சட்டி எங்க புள்ள?"

"இங்கதானுங்க இருக்குது," என்று கல்லுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்ததைக் கையால் தட்டிக் காட்டினாள் அவள். "பாசி புடிச்சுப் போச்சுங்க. நேத்து சாயந்திரமே எடுத்துத் தேச்சுப் போட்டேன்."

"அப்பறம் ஏன் ஆமான்னு சொன்னே?"

அவள் சிரித்தாள். மாட்டிக்கொண்ட சிரிப்பு. "வெளையாட்டுக்குச் சொல்றீங்கன்னு நெனச்சேனுங்க."

"இன்னைக்கு மட்டுமா?"

அவள் தட்டிலிருந்து அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். சென்னியப்பன் எழுந்து அவள் பக்கத்தில் வந்தார். "நெசத்தைச் சொல்லு துளசி. இன்னைக்கு மட்டுமா?"

"ஏனுங்க, ஒரு குருவிக்குப் போயி இப்படி வேர்த்துக் கெடக்கறீங்க?" முந்தானையால் அவர் நெற்றியைத் துடைக்க வந்தவள், அவர் விலகியதும் கையை இறக்கிக்கொண்டாள். "நீங்க சொல்றது பாதிக்குப் பாதி தப்பாத்தானுங்க இருக்கும். இலையைக் குருவிம்பீங்க. காக்காயைக் கரிச்சாம்பீங்க. ஒண்ணுமே இல்லாதப்ப நாலும்பீங்க. ஆம்பளைக்கு எங்க இதுலெல்லாம் நிதானம், போகப்போகத் தெரிஞ்சுக்குவாருன்னு விட்டுட்டேன். தப்புங்கன்னு சொன்னா நீங்க வெடுக்குனு எந்திரிச்சுப் போயிருவீங்க. கல்யாணமாகி இருபத்தேழு வருசத்துல மொதமொதலா எம்பக்கத்துல உக்காந்து, இது என்ன குருவி துளசின்னு கேட்டீங்க. நல்லா இருந்துச்சுங்க. அதைக் கெடுத்துக்க மனசு வரலை."

இருபத்திரண்டு நாள். ஒரு நாளைக்கு ஏற்றம் ஒன்று, இறக்கம் ஒன்று. ஒவ்வொரு நாளும் இந்தக் கல்லின்மேல் உட்கார்ந்து அவள் சந்தோஷமாகச் சொன்ன ஆமாங்கவை நம்பித்தான் பஸ்ஸில் ஏறினார். அவளைத் திட்ட வாய் வரவில்லை. திட்டினால் எதற்கென்று திட்டுவது, ஜட்ஜாக உட்கார வைத்துவிட்டு வழக்கு என்னவென்று சொல்லாமல் விட்டது யார்? சொல்லிவிடலாமா? சொன்னால் அவளுடைய இருபத்திரண்டு காலையும் போய்விடும். பக்கத்தில் வந்து உட்கார்ந்தது குருவிக்காக இல்லை, அவளுக்காகவும் இல்லை என்று ஆகிவிடும். சொல்லாவிட்டால் பத்து மணி வரும். சொல்லாவிட்டால் நாளைக்குப் பதினொரு மணி வரும். சென்னியப்பன் துவைக்கிற கல்லில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் முகத்தைப் பார்க்க அவள் காதைப் பார்க்க வேண்டியிருந்தது. காதுத் தோட்டைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னார். புகையைச் சொன்னார், இருபதடியைச் சொன்னார், சீட்டைச் சொன்னார், சத்தியத்தைச் சொன்னார், பதினாறாவது வளைவைக் கடைசியாகச் சொன்னார். நடுவில் ஒரு தரம்கூட அவள் ஆமாங்க என்று சொல்லவில்லை.

"எம்மூஞ்சி தெரியுதுங்களா?" என்றாள்.

"காதும் தோடும் தெரியுது."

அவள் அழுவாள் என்று பார்த்தார். அழவில்லை. கத்தியைத் தட்டில் வைத்தாள், வெங்காயத் தோலை மடியிலிருந்து உதறினாள்.

"பத்து மணிக்குப் போயி டாக்டர்கிட்ட உள்ளதைச் சொல்லிப்போடறேன்," என்றார். "நீயும் கூட வா. தனியாப் போனா ஒப்பிச்சுப்போடுவேன், என்னையே நான் நம்ப மாட்டேன்."

"வர்றேனுங்க." பிறகு மெதுவாகக் கேட்டாள். "நேத்து செவ்வாக்கெழமையாச்சே. வண்டியில எத்தனை பேருங்க?"

"நிக்க எடமில்லை. பண்ணாரிக்குப் போற கூட்டம் போக, மலைக்கே அறுவது பேரு."

"கொழந்தைங்க?"

"இருந்துச்சு. அழுகைச் சத்தம் கேட்டுது."

"இருபத்தேழு வளைவு." அவள் அவர் கையைப் பிடித்தாள். அந்தக் கையில் வெங்காய வாசனையும் ஈரமும். "சட்டி இல்லாத எடத்துல சட்டியைப் பாக்கறீங்களே சாமி. நேத்து அத்தனை பேரை வெச்சுக்கிட்டு வண்டியை எப்படீங்க ஓட்டுனீங்க?"

சென்னியப்பன் அவளுடைய காதிலிருந்து பார்வையை எடுத்து, நேராக, அவள் முகம் இருக்கிற இடத்தைப் பார்த்தார்.

"ஞாபகத்துல," என்றார்.